கால்பந்து வரலாற்றில் அதிகம் பேசப்படாத, ஆனால் உங்களுக்கு மிகவும் பிடித்த மனிதர் யார்? ஏன்?

எனக்கு ஒரே பெயர்தான். பிரான்சிஸ் மாரிண்டின். அவர் காலத்துக் கால்பந்துக்காரர்களுக்குப் பெயர்கூடத் தேவைப்படவில்லை, ‘மேஜர்’ என்றாலே அவர்தான். பிரிட்டிஷ் ராணுவத்தின் ராயல் எஞ்சினியர்ஸ் படைப்பிரிவு அதிகாரி. இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பையின் முதல் இறுதிப் போட்டியில் தோற்ற அணியின் கேப்டன். 1874 முதல் 1890 வரை இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் தலைவர். 1880லும், பிறகு 1884 முதல் 1890 வரை ஒவ்வோர் ஆண்டும், கோப்பை இறுதிப் போட்டிக்கு நடுவர். இவ்வளவும் அவர் சம்பளம் வாங்காமல் செய்தவை. சம்பளத்துக்கு அவர் பார்த்த வேலை, ரயில் விபத்துகளை விசாரிப்பது.

நான் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். ஓய்வு கிடைக்கும் ஞாயிறுகளில் எங்கள் ஊர்ப் பையன்களின் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து ஆட்டங்களுக்கு விசில் ஊதுவேன். மாரிண்டினை முதலில் எனக்குத் தெரிந்தது விபத்து விசாரணை அதிகாரியாகத்தான். பழைய ஆங்கிலேய விபத்துகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. பல மாதங்கள் கழித்து, கால்பந்து பற்றிய ஒரு கட்டுரையில் அதே பெயரைப் பார்த்தேன். இரண்டும் ஒரே ஆள்தானா என்று உறுதி செய்துகொள்ளவே எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது.

1838ல் டார்செட் மாவட்டத்தின் வேமத் என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர். ஈட்டன் பள்ளி, அதன்பின் வுல்விச் ராணுவக் கல்லூரி. 1854ல் எஞ்சினியர்ஸில் சேரும்போது வயது 16. கிரிமியப் போருக்குப் போய் வந்தார். அப்புறம் மொரீசியஸில் ஆளுநர் வில்லியம் ஸ்டீவன்சனிடம் உதவியாளராக இருந்து, ஆளுநரின் மகளையே மணந்துகொண்டார். சென்னையிலிருந்து கப்பல் ஏறிய நம் மக்கள் கரும்புத் தோட்ட வேலைக்காக அந்தத் தீவில் போய் இறங்கிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அவர்களைப் பற்றி இந்த இளம் அதிகாரி என்ன நினைத்திருப்பார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

ஊர் திரும்பிய பிறகு அவருடைய இடம் இங்கிலாந்தின் சாத்தம் நகரம். எஞ்சினியர்ஸின் தலைமையிடம் அதுதான். அங்கே உருவான கால்பந்து அணியை வளர்த்தெடுத்தவர் மாரிண்டின். அந்தக் காலத்து ஆட்டம் எப்படி இருந்தது என்று கொஞ்சம் சொன்னால்தான் அந்த அணியின் அருமை புரியும். ஒருவன் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு எதிரிகளைத் தாண்டி ஓடுவான், மற்றவர்கள் அவன் பின்னாலேயே கூட்டமாக ஓடுவார்கள். பந்து அவனை விட்டு நழுவினால் அடுத்தவன் எடுத்துக்கொண்டு ஓடுவான். பக்கத்தில் நிற்கும் கூட்டாளிக்குப் பந்தைத் தட்டிவிடுவது அப்போது யாருக்கும் இயல்பாக வராத பழக்கம். அதைத் திட்டமாக வைத்து ஆடிய முதல் அணிகளில் ஒன்று எஞ்சினியர்ஸ். பாலம் கட்டவும் பதுங்குகுழி தோண்டவும் சேர்ந்தே பழகியவர்கள் மைதானத்திலும் சேர்ந்து ஆடியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. 1873ல் நாட்டிங்காம், டெர்பி, ஷெஃபீல்டு என்று ஊர் ஊராகப் போய் ஆடிவிட்டு வந்தார்கள். கால்பந்து அணி ஒன்று சுற்றுப்பயணம் கிளம்பியது அதுதான் முதல் தடவை என்பார்கள்.

1872 மார்ச் 16, லண்டன் கென்னிங்டன் ஓவல் மைதானம். எஃப்.ஏ. கோப்பையின் முதல் இறுதிப் போட்டி. எஞ்சினியர்ஸும் வாண்டரர்ஸ் என்ற அணியும் மோதினார்கள். பார்க்க வந்தவர்கள் சுமார் 2000 பேர், நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். கோல் கம்பங்களுக்கு மேலே குறுக்குக் கட்டை கிடையாது, ஒரு நாடாவைக் கட்டியிருந்தார்கள். வலை கிடையாது. பெனால்டியும் கிடையாது. மாற்று ஆட்டக்காரர் என்ற பேச்சே இல்லை. ஜெயிக்கப்போவது எஞ்சினியர்ஸ்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் அவர்களுடைய எட்மண்ட் கிரெஸ்வெல்லுக்குக் காரை எலும்பு முறிந்தது. அவர் வெளியேறவில்லை. அந்தத் தோளோடு கடைசிவரை மைதானத்தில் நின்றார். வாண்டரர்ஸின் மார்ட்டன் பெட்ஸ் ‘ஏ. எச். செக்கர்’ என்ற புனைபெயரில் ஆடி, ஆட்டத்தின் ஒரே கோலைப் போட்டார். கேப்டன் மாரிண்டின் பின்காப்பாளர், ஃபுல்பேக். நானும் ஆடிய காலத்தில் அதே இடத்தில் ஆடியவன். கோல் விழும்போது பந்தின் பின்னால் முதலில் திரும்பிப் பார்க்க வேண்டியவன் அவன்தான்.

1874ல் மறுபடி இறுதிக்கு வந்து ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அணியிடம் 2-0 என்று தோற்றார்கள். 1872 அணியில் ஆடிய ஆல்ஃபிரட் குட்வின் அதே ஆண்டு இந்தியாவில், ரூர்க்கியில், குதிரையிலிருந்து விழுந்த காயத்தால் இறந்துபோனார். இங்கிலாந்துக்காக ஆடிய வீரர்களில் முதலில் இறந்தவர் அவர். ரூர்க்கி வழியாக ரயிலில் போனபோது ஜன்னலோரம் உட்கார்ந்து அவரை நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஆண்டில் நடந்ததுதான் மாரிண்டின் மீது எனக்கு முதலில் மரியாதையை உண்டாக்கியது. 1875 இறுதிப் போட்டியில் எஞ்சினியர்ஸுக்கு எதிராக நின்றது ஈட்டன் பள்ளிப் பழைய மாணவர் அணி. மாரிண்டினுக்கு ஒருபக்கம் படித்த பள்ளி, மறுபக்கம் தன் கையால் வளர்த்த அணி. இரண்டுக்கும் சொந்தக்காரர் என்பதால் எந்தப் பக்கமும் ஆடாமல் ஒதுங்கிக்கொண்டார் என்று சொல்வார்கள். முதல் ஆட்டம் 1-1 என்று முடிந்தது. மூன்று நாள் கழித்து நடந்த மறு ஆட்டத்தில் எஞ்சினியர்ஸ் 2-0 என்று ஜெயித்தார்கள். அந்த அணி கோப்பையைத் தொட்டது அந்த ஒரு முறைதான். அதில் மாரிண்டின் பெயர் இல்லை. இரண்டு முறை தோற்றவர், மூன்றாவது முறை ஜெயித்த அணியில் இல்லை. இதைப் படித்த அன்று எனக்கு மனசு கனத்துப்போனது.

அப்போதைய நடுவர் வேலையும் வேறு மாதிரி. அணிக்கு ஒருவராக இரண்டு அம்பயர்கள் மைதானத்துக்குள் இருப்பார்கள். ஆட்டக்காரர்கள் முறையிட்டால்தான் தீர்ப்பே. அம்பயர்கள் இருவரும் ஒத்துப்போகாவிட்டால் வெளியே நிற்கும் நடுவரிடம் போவார்கள், அவர் சொன்னதே முடிவு. 1891ல்தான் நடுவர் மைதானத்துக்குள் வந்தார். மாரிண்டின் நடுவராக இருந்த காலம் முழுக்க அவர் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தவர்.

1888 இறுதிப் போட்டிக்கு முன்னால் நடந்ததாக ஒரு கதை உண்டு. பிரஸ்டன் நார்த் எண்ட் அணிக்கு வெற்றி மேல் அவ்வளவு நம்பிக்கை. உடை அழுக்காவதற்கு முன்பே கோப்பையோடு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று மேஜரிடம் கேட்டார்களாம். முதலில் ஜெயித்துவிட்டு வாருங்களேன் என்றாராம் அவர். வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் 2-1 என்று பிரஸ்டனைத் தோற்கடித்தது.

அவருடைய இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரஸ்டனை வெஸ்ட் பிராம் வென்ற ஓர் ஆட்டத்துக்குப் பிறகு வெஸ்ட் பிராம் ஆட்டக்காரர்களின் அறைக்குப் போய், நீங்கள் எல்லோரும் இங்கிலாந்துக்காரர்கள்தானா என்று கேட்டு, ஆமாம் என்றதும் மகிழ்ந்து ஆட்டப் பந்தைக் கொடுத்தாராம். பிரஸ்டனில் ஸ்காட்லாந்திலிருந்து வந்து ஆடியவர்கள் நிறைய. இந்தக் கதை எனக்குப் பிடிக்கவில்லை. நடுவராக இருப்பவர் அதைக் கேட்டிருக்கக் கூடாது.

ஆனால் பணத்துக்கு ஆடுவதைச் சட்டப்படி ஏற்கலாமா என்ற பெரிய சண்டை வந்தபோது சங்கத்தின் தலைவர் நாற்காலியில் இருந்தவர் அவரே. லங்காஷயர் மில் ஊர்களின் அணிகள் ஆட்டக்காரர்களுக்கு ரகசியமாகக் காசு கொடுத்துவந்தன. வார நாளில் ஆட்டத்துக்குப் போனால் ஒரு நெசவாளிக்கு அன்றைய கூலி போய்விடும். சொத்துள்ள ராணுவ அதிகாரிக்கு அந்தக் கவலை கிடையாது. சங்கம் உடைந்துபோகும் நிலைக்கு வந்த பிறகு, 1885 ஜூலையில் தொழில்முறை ஆட்டம் அனுமதிக்கப்பட்டது. மாரிண்டினின் மனசு கடைசிவரை அமெச்சூர் ஆட்டத்தின் பக்கம்தான். அப்படியிருந்தும் ஐந்து வருடம் அதே நாற்காலியில் இருந்து, அதே தொழில்முறை அணிகளின் இறுதிப் போட்டிகளுக்கு நடுவராகவும் நின்றார். 1890ல் விலகினார், லார்ட் கின்னேர்ட் அந்த இடத்துக்கு வந்தார்.

சரி, அவருடைய ரயில் வேலைக்கு வருகிறேன். எனக்கு அவர் நெருக்கமானது இதனால்தான்.

பிரிட்டனில் ரயில்கள் எல்லாம் தனியார் கம்பெனிகள் கையில் இருந்தன. புதுப் பாதையைச் சோதிக்கவும் விபத்தை விசாரிக்கவும் வர்த்தக வாரியம் அதிகாரிகளை வைத்திருந்தது, அவர்கள் எஞ்சினியர்ஸ் படையிலிருந்தே எடுக்கப்பட்டார்கள். 1877ல் மாரிண்டின் அந்த வேலைக்கு வந்தார். இடையில் எகிப்து ரயில்வேயைச் சீர்படுத்தப் போனார், லண்டன் மின்விளக்கு அனுமதி பற்றிய விசாரணையையும் நடத்தினார்.

1884ல் இங்கிலாந்தின் பெனிஸ்டோன் அருகே நடந்த ரயில் விபத்தை விசாரித்தவர் அவர். எஞ்சினின் ஆக்சில், அதாவது சக்கர அச்சு முறிந்தது, பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் அறுந்து பெட்டிகள் தனியாகி மண்கரையிலிருந்து உருண்டன. 24 பேர் இறந்தார்கள். அந்த வண்டியில் இருந்தது சாதாரண வேக்குவம் பிரேக். எஞ்சின் குழாயில் வேக்குவத்தை, அதாவது வெற்றிடத்தை உண்டாக்கினால்தான் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்தால் பிரேக்கே இல்லை. தானியங்கி முறையில் இது தலைகீழ். வேக்குவம் இருக்கும்வரை பிரேக் விலகி நிற்கும், குழாய் அறுந்த அடுத்த நொடி தானாகவே பிடித்துக்கொள்ளும். தானியங்கி பிரேக் வேண்டும் என்று அந்த விசாரணை அதிகாரிகள் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கம்பெனிகளைக் கட்டாயப்படுத்த அவர்களிடம் சட்டம் இல்லை. 1889ல் அயர்லாந்தின் ஆர்மாவில் சுற்றுலா போன பிள்ளைகள் உட்பட சுமார் 80 பேர் செத்த பிறகுதான் சட்டம் வந்தது. இன்டர்லாக்கிங் (முரணான சிக்னல்களும் பாதை மாற்றிகளும் ஒன்றாக இயங்காதபடி பூட்டுவது), பிளாக் முறை (பாதையின் ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரே ரயில்), தானியங்கி பிரேக் மூன்றும் அன்று கட்டாயமாயின. ரயிலை அனுப்புமுன் அடுத்த ஸ்டேஷனிடம் நான் தினமும் ‘லைன் கிளியர்’ என்ற அனுமதி வாங்கும் முறையின் வேர் அந்த பிளாக் முறையில்தான் இருக்கிறது.

அடுத்து 1892 நவம்பர் 2, இங்கிலாந்தின் திர்ஸ்க் ஊர் அருகே. சிக்னல்களை இயக்கும் மேனர் ஹவுஸ் கேபினின் சிக்னல்மேன் ஜேம்ஸ் ஹோம்ஸ். முந்தைய நாள் அவருடைய கைக்குழந்தை நோயில் விழுந்தது. டாக்டரைத் தேடி நடையாய் நடந்தார். குழந்தை இறந்துவிட்டது. தூங்காமல், மனைவியை அந்த நிலையில் விட்டுவிட்டு, ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய் இன்று ராத்திரி என்னால் முடியாது என்றார். மாற்று ஆள் கேட்டுத் தந்தி போனது. ஆள் வரவில்லை. ஹோம்ஸ் கேபினுக்குப் போனார். பனிமூட்டம் கவிந்த ராத்திரி. விடிகாலையில் கண் அசந்துவிட்டது. விழித்தபோது தன் கேபினுக்கு எதிரே ஒரு கூட்ஸ் நிற்பது நினைவில் இல்லை, ஸ்காட்லாந்து எக்ஸ்பிரஸுக்கு லைன் கொடுத்துவிட்டார். 10 பேர் இறந்தார்கள். ஹோம்ஸ் மீது கொலையாகாத மரணம் விளைவித்த வழக்கு. ஜூரி குற்றவாளி என்றது, ஆனால் தண்டனை இல்லாமல் விடுவித்தார்கள். நாடே அவருக்காக இரங்கியது. இந்த விபத்தை விசாரித்தவரும் மேஜர் மாரிண்டின்தான். தொழிலாளர்களின் வேலை நேரத்தை வரையறுக்க அரசு தலையிட வழிசெய்யும் ரயில்வே சட்டம் அதற்கு அடுத்த ஆண்டு வந்தது.

1897ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1900 ஏப்ரல் 21 அன்று, 61 வயதில், ரயில்வே ஆய்வாளர் பொறுப்பில் இருக்கும்போதே லண்டனில் இறந்தார். ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் அடக்கம் செய்தார்கள்.

என் அப்பா கேபின்மேன். நான் ஆறாவது படிக்கும்போது தங்கச்சிக்கு டைஃபாய்டு. அன்றைக்கு ரிலீவர் வராததால் அப்பாவுக்கு டபுள் டூட்டி. காலையில் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. போன வருடம் அவரிடம் ஹோம்ஸ் கதையை முழுசாகச் சொன்னேன். இடையில் எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், “ஆள் அனுப்பாம விட்டாங்களே, அதையும் அந்த மேஜர் விசாரிச்சாரா?” என்று கேட்டார்.

“ஆமாப்பா. ஸ்டேஷன் மாஸ்டரைக் கூப்பிட்டு அதையும் விசாரிச்சார்” என்றேன்.

“அவர் பேர் என்ன சொன்ன?” என்றார். மறுபடி சொன்னேன்.