சளி மாத்திரையும் சிறுநீர்ச் சோதனையும்

கேள்வி: என் மகள் 400 மீட்டர் ஓட்டக்காரி; அடுத்த மாதம் தேசியப் போட்டிக்குப் போகிறாள். போன வாரம் சளிக்காகக் காரைக்குடியில் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையில் சூடோஎபிட்ரின் இருப்பதாகப் பயிற்சியாளர் பிறகு சொன்னார். சிறுநீர்ச் சோதனை இதையும் ஊக்கமருந்தையும் பிரித்தறியுமா? நிறையத் தண்ணீர் குடித்தால் போய்விடுமா? காலைக் காபியை நிறுத்த வேண்டுமா?

பதில்: போன வாரத்து மாத்திரையைப் பற்றிக் கவலை வேண்டாம், அது சில நாட்களில் உடலைவிட்டு நீங்கிவிடும். சூடோஎபிட்ரின் போன்ற, நரம்பைத் தூண்டும் மருந்துகளுக்கான தடை போட்டிக் காலத்துக்கு மட்டுமே உரியது. போட்டிக்கு முந்தின இரவு 11.59 மணிக்கு அது தொடங்குகிறது. ஆனால் போட்டியை ஒட்டி மறுபடி சளி பிடித்தால் என்ன செய்வது என்பதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனியாவின் ஆண்ட்ரியா ரடுகான், அணி மருத்துவர் சளிக்குக் கொடுத்த மாத்திரையில் இதே சூடோஎபிட்ரின் இருந்ததால், ஜிம்னாஸ்டிக்ஸில் வென்ற தங்கப் பதக்கத்தை இழந்தார். எதற்காகச் சாப்பிட்டோம் என்பது கருவிக்குத் தெரியாது. எந்த மூலக்கூறு, எவ்வளவு என்பது மட்டுமே தெரியும்.

அந்தப் பிரித்தறிதல்தான் இதில் நுட்பமான வேலை. எபிட்ரின் என்ற தூண்டும் மருந்து, அதன் நெருங்கிய உறவான சூடோஎபிட்ரின் இரண்டுக்கும் அணுக்களும் அவற்றின் எண்ணிக்கையும் ஒன்றே. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு ஹைட்ராக்சில் தொகுதி திரும்பியிருக்கும் திசைதான் வேறு. ஆனால் அனுமதிக்கப்படும் எல்லை, சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு முன்னதற்கு 10 மைக்ரோகிராம், பின்னதற்கு 150 மைக்ரோகிராம். மூலக்கூறுகளை எடைபோட்டு உடைத்துப் பார்க்கும் நிறை நிறமாலைமானியில் இரண்டும் 166 என்ற ஒரே எடையாகவே பதிவாகும். நீரை இழந்து 148 ஆவதும் இரண்டுக்கும் பொதுவே. ஒரே முகமும் ஒரே எடையும் உள்ள இரட்டையரைத் தராசில் ஏற்றி யார் எவர் என்று சொல்ல முடியாது. ஆனால் இருவரையும் சந்தையின் ஒரு முனையில் உள்ளே விட்டு மறுமுனையில் நின்று பார்த்தால், கடைதோறும் நின்று பேசுகிறவர் பிந்தித்தான் வருவார். அந்தச் சந்தை வேலையைச் செய்வது வண்ணப்பிரிகைக் குழல். அதன் உட்பூச்சிலோ உள்ளடக்கத்திலோ ஒட்டி ஒட்டி விலகும் அளவு மூலக்கூறுக்கு மூலக்கூறு மாறுவதால், ஒவ்வொன்றும் தனக்குரிய நேரத்தில் வெளியே வருகிறது. நேரம், எடை, உடைந்த துண்டுகளின் விகிதம் ஆகிய மூன்றும் பொருந்தினால்தான் ஆய்வகம் ஒரு பெயரை உச்சரிக்கும்.

முதற்சுற்றில் சிறுநீரைச் சில மடங்கு நீர்த்து நேராகவே திரவ வண்ணப்பிரிகைக் கருவியில் செலுத்துவதுண்டு. ஐயம் எழுந்தால், மாதிரியைப் பிரித்து வைத்த இரண்டு புட்டிகளில் முதலாவதான அதே 'ஏ' புட்டியிலிருந்து புதிதாக எடுத்து, மருந்தில்லாத சிறுநீரையும் மருந்து கலந்த சிறுநீரையும் பக்கத்தில் வைத்து மறுபடி ஓட்டுவர். சூடோஎபிட்ரினுக்கு மூன்று முறை அளந்து சராசரி காண்பர். அளவீட்டுப் பிழைக்கும் இடம் விட்டு, சராசரி 170 மைக்ரோகிராமைத் தாண்டினால்தான் விதிமீறலாக அறிவிப்பர். ஆம்பெட்டமின் போன்ற வலுவான தூண்டும் மருந்துகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே இவ்வளவு பெரிய எல்லை இல்லை, மிகச் சிறிய அளவு இருப்பது உறுதியானாலே போதும்.

தண்ணீர் யோசனையை விட்டுவிடுங்கள். மாதிரி எடுக்கும் இடத்திலேயே ஒரு சொட்டை, ஒளி வளைவதைக் கொண்டு அடர்த்தியை அளக்கும் ஒளிவிலகல்மானியில் வைத்துப் பார்ப்பர், ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) வரையறுத்த அளவுக்குக் கீழே இருந்தால், தகுந்த மாதிரி கிடைக்கும்வரை உங்கள் மகள் அங்கேயே காத்திருக்க நேரும். மறுபுறம், நம்மூர்ச் சித்திரை வெயிலில் வியர்த்து ஓடியவரின் சிறுநீர் மிகவும் அடர்ந்திருந்தால், எல்லையை அதற்கேற்ப உயர்த்திக் கணக்கிடுகிறார்கள். ஆகவே வெயிலில் ஓடியதாலேயே அநியாயமாக மாட்டிக்கொள்வோமோ என்ற பயமும் வேண்டாம்.

காபியைத் தாராளமாகக் குடிக்கலாம். காஃபின் 2004 முதல் தடைப்பட்டியலில் இல்லை. கண்காணிப்பில் மட்டுமே உள்ளது. நீங்கள் கேட்கவில்லை என்றாலும், செட்டிநாட்டு வீட்டுக்கு எழுதுவதால் இதையும் சேர்க்கிறேன்: குருமாவில் அரைத்துவிடும் கசகசாவில் மார்பின் சிறிதளவு இருக்கலாம். அது தூண்டும் மருந்தன்று, வலியை அடக்கும் வேறு வகை. அதற்கும் சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்ற எல்லை உண்டு. ஓட்டத்துக்கு முந்தின நாளும் அன்றும் கசகசா சேர்க்காமல் சமைத்துவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

இனிச் சளி பிடித்தால், அட்டையின் முன்பக்கப் பெயரைப் பார்க்காமல் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள கலவையைப் படியுங்கள். ஒரே பெயரில் வெவ்வேறு கலவைகள் விற்கின்றன. பினைலெப்ரின் என்றிருந்தால் அது தடைசெய்யப்பட்டதன்று. சூடோஎபிட்ரின் என்றிருந்தால், மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டாமல் சாப்பிட்டு, தடை தொடங்குவதற்கு 24 மணி நேரமாவது முன்பே நிறுத்திவிட வேண்டும். மாதிரி எடுக்கும்போது நிரப்பும் படிவத்தில், கடைசி 7 நாட்களில் சாப்பிட்ட மருந்துகளைக் கேட்கும் பகுதி ஒன்று உண்டு; அதில் மாத்திரையின் பெயரையும் அளவையும் தேதியோடு எழுதச் சொல்லுங்கள், காலி அட்டையையும் தூக்கிப் போடாமல் பையில் வைத்திருக்கட்டும்.