இரவிகுளத்தில் வரையாடு காணச் செல்வோருக்கு: கேள்வி பதில்

மூணாற்றை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குக் குடும்பத்துடன் செல்வது பற்றித் தொண்டி முதல் சாயல்குடி வரையுள்ள நம் கடற்கரை ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (தேவிபட்டினம்): ஆடி மாதப் புழுக்கம் தாங்க முடியவில்லை, ஐயா. அப்போதே மலைக்குப் போய்விடலாமா?

பதில்: போகலாம், ஆனால் வரையாட்டைப் பார்ப்பது அரிது. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை அந்த மலைகளில் ஆனி, ஆடியிலேயே தென்மேற்குப் பருவக்காற்றோடு கொட்டத் தொடங்கிவிடும். மூடுபனி இறங்கினால் பத்தடி தள்ளி நிற்பது ஆடா பாறையா என்றுகூடத் தெரியாது. வரையாடுகள் குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வழக்கமாகப் பூங்காவை மூடிவிடுவார்கள். ஆகவே டிசம்பர், ஜனவரி, ஏப்ரல் ஆகியவை ஏற்ற மாதங்கள். பொங்கல் விடுமுறையைத் தவிர்த்து, வார நாளில் காலை முதல் பேருந்தைப் பிடிப்பது நல்லது.

கேள்வி (கீழக்கரை): வாப்பாவுக்கு முழங்கால் தேய்மானம், உம்மாவுக்கு ஆஸ்துமா. இருவரையும் அழைத்துச் செல்வது சரியா?

பதில்: மருத்துவரைக் கேட்டுவிட்டு, தாராளமாக அழைத்துச் செல்லுங்கள், அம்மா. சொந்த வண்டி நுழைவாயிலோடு நின்றுவிடும். அங்கிருந்து வனத்துறைப் பேருந்து இராஜமலைக்கு ஏற்றிச் செல்லும். அதன் பிறகு ஏற்றமான தார்ச்சாலையில் நடக்க வேண்டும். அந்தச் சாலையின் கடைசி வரை போனால்தான் வரையாட்டைக் காண முடியும் என்று பலரும் நினைத்துக்கொண்டு பெரியவர்களை அவசரப்படுத்துகிறார்கள். அது வீண் சிரமம். ஆடுகள் சாலையோரத்துப் புல்லில் மேய்வதும், முதுகில் வெளிறிய சாம்பல் திட்டுடைய முதிர்ந்த கடா ஒன்று நம்மைப் பொருட்படுத்தாமல் குறுக்கே கடந்து போவதும் அங்கே வழக்கமான காட்சிகள்தாம். வாப்பா நூறு அடி நடந்து ஓரிடத்தில் நின்றாலே போதும். மூட்டு தேய்ந்தவருக்கு ஏறுவதைவிட இறங்குவதே அதிக வலி தரும் என்பதால், கைத்தடியுடன் சென்று, பாதி வலு கையில் இருக்கும்போதே திரும்பிவிடச் சொல்லுங்கள். குளிர்ந்த காற்று ஆஸ்துமாவைத் தூண்டும். உம்மா இன்ஹேலரைப் பையின் அடியில் வைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, மூக்கையும் வாயையும் துணியால் மூடி நடக்கட்டும்.

கேள்வி (பாம்பன்): என் தம்பி சக்கர நாற்காலியில் இருப்பவன்.

பதில்: மடிக்கக்கூடிய நாற்காலியைக் கொண்டு செல்லுங்கள், பேருந்தில் ஏற்றி இறக்க வலுவுள்ள இருவர் உடனிருக்க வேண்டும். மேலே தார்ச்சாலை என்பதால் சக்கரம் உருளும், ஆயினும் சரிவில் பின்னிருந்து பிடிப்பவர் ஒரு கணமும் கையை எடுக்கலாகாது. முன்னதாகவே நுழைவாயிலில் அலுவலரிடம் தம்பியின் நிலையைச் சொல்லி, என்ன உதவி கிடைக்கும் என்று கேட்டுவிடுங்கள். குடும்பத்தில் ஒருவர் வர முடியாது என்று நாமே தீர்மானித்து அவரை அறையில் விட்டுச் செல்வது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை.

கேள்வி (ஏர்வாடி): எங்கள் சிப்பிப்பாறை நாய் மிகவும் சாது. கயிற்றில் பிடித்துக்கொண்டால் உள்ளே விடுவார்களா?

பதில்: விடமாட்டார்கள், விடவும் கூடாது. நாய் சாதுவா என்பது இங்கே பொருட்டே இல்லை. அதன் வாடையே குட்டியுடன் நிற்கும் தாய் ஆட்டை மிரட்டும். வீட்டு நாய்களிடமிருந்து டிஸ்டெம்பர் என்னும் தொற்றுநோய், வெறிநோய் போன்றவை செந்நாய்களுக்கும் நரிகளுக்கும் பரவக்கூடியவை. 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட நம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் நினைத்தபடி இறங்கக் கூடாது என்பதை நாம் அறிவோம் அல்லவா? அதே முறைமைதான் 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த மலைப் பூங்காவிலும். பூட்டிய காருக்குள் நாயை விட்டுச் செல்லும் எண்ணம் இருந்தால் அதை அடியோடு கைவிடுங்கள்; மலைக் காற்று குளிர்ந்திருந்தாலும் வெயில் பட்ட கார் விரைவில் கொதித்துவிடும், நாய் அதில் உயிரிழக்கக்கூடும். பழகிய உறவினர் வீட்டில் விட்டு வருவதே அதற்குச் செய்யும் நன்மை.

கேள்வி (தொண்டி): குறிஞ்சிப் பூவைப் பார்க்க முடியுமா?

பதில்: நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது, 2018-இல் பூத்தது. அடுத்தது 2030.

கேள்வி (மண்டபம்): போடிமெட்டு வளைவுகளில் குழந்தைகள் வாந்தி எடுக்கிறார்கள். என்ன செய்வது, அண்ணா?

பதில்: இராமநாதபுரத்தில் அதிகாலை கிளம்பி மதுரை, தேனி வழியாகப் போடி சேர்வதற்குள்ளேயே பிள்ளைகள் களைத்துவிடுவார்கள், அந்தக் களைப்போடும் பசியோடும் மலையேறும்போது குமட்டல் கூடும். போடியில் வண்டியை நிறுத்தி, இரண்டு இட்லி மட்டும் கொடுத்து, அரை மணி நேரம் ஓடியாட விடுங்கள். பால், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, சன்னலைச் சிறிது திறந்து, தொலைவிலுள்ள மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை தருவதானால் குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவை மருத்துவரிடம் கேட்டு, மலையேறும் முன்பே கொடுத்துவிட வேண்டும். வாந்தி தொடங்கிய பின் கொடுத்தால் அது வயிற்றில் தங்காது.