சென் பொனிஃபாஸில் ஒரு பிரெஞ்சு வானொலி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கனடாவின் மேற்கு மாகாணமான மானிடோபாவில், சென் பொனிஃபாஸ் ஊரில் நடந்த பிரெஞ்சு வானொலி சிகேஎஸ்பியை உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அரசு வானொலியே பிரெஞ்சில் பேசும் நாட்டில், மானிடோபாவின் பிரெஞ்சுக்காரர்கள் ஏன் சொந்தக் காசில் நிலையம் வைத்தார்கள்? பிறகு ஏன் அதை அரசு வானொலியிடமே கொடுத்தார்கள்?

செ.

அன்புள்ள செ.,

அரசு வானொலி பிரெஞ்சில் பேசியது பெரும்பாலும் கியூபெக்கில்தான். 1933-ல் நாடு முழுவதற்குமான ஒலிபரப்பில் கொஞ்சம் பிரெஞ்சு சேர்த்ததற்கே மேற்கு மாகாணங்களில் கடும் எதிர்ப்பு. பிறகு இரு மொழிகளுக்கும் தனித்தனி வலையமைப்பு வந்தது. மேற்குக்கு வாய்த்தது ஆங்கிலம். மானிடோபாவில் 1916-லேயே இருமொழிப் பள்ளிகளைச் சட்டம் போட்டு ஒழித்திருந்தார்கள். ஆகவே பிள்ளைகளிடம் மொழியைக் காப்பதில் வானொலியும் அங்கே பள்ளிக்கூடப் பிரச்சினைதான்.

கியூபெக் வரை போய் நிதி திரட்டி, 1946 மே 27 அன்று ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். அலைவரிசை 1250 கிலோசைக்கிள், சக்தி வெறும் 1,000 வாட். சிதறிக் கிடக்கும் கிராமங்களுக்கு இது எப்படிப் போதும் என்றால், பாதி வேலையை மண் பார்த்துக்கொண்டது. மத்திய அலை பகலில் தரையை ஒட்டியே போகும். மண் எவ்வளவு நன்றாக மின்சாரம் கடத்துகிறதோ அவ்வளவு தூரம் எட்டும். ஊர் இருக்கும் சிவப்பாற்றுச் சமவெளி, எப்போதோ வற்றிப்போன அகாசி ஏரியின் படுகை; மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் கனத்த களிமண். கிழக்கே கருங்கல் பிரதேசம் தொடங்கியதும் அதே 1,000 வாட் சீக்கிரம் தேய்ந்துவிடும். இரவில் வேறு தொல்லை: தொலைதூர நிலையங்களின் அலை வானத்தில் பட்டுத் திரும்பி வந்து இந்த நிலையத்தின் ஒலியோடு கலந்து குழப்பும். நிலையம் பின்னாளில் 1050 கிலோசைக்கிளுக்கும் 10,000 வாட்டுக்கும் போனது.

காசு விஷயத்தில் மண் உதவாது. அங்கே பிரெஞ்சுக்காரர்கள் அனைவருக்கும் ஏறக்குறைய ஆங்கிலமும் தெரியும். அவர்களை ஆங்கில நிலையத்திலேயே பிடித்துவிடலாம் என்றால், பெரிய கடைக்காரர் பிரெஞ்சு விளம்பரத்துக்கு எதற்குப் பணம் கொடுப்பார்? சிறுபான்மை வானொலிகளைக் கொல்வது பகைமையைவிட இந்தக் கணக்குதான் என்பேன். 1969-ல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபின் மேற்கில் பிரெஞ்சுக்கு இடம் தராமல் இருப்பது மத்திய அரசுக்கும் சங்கடம். 1973-ல் அரசு வானொலியின் பிரெஞ்சுப் பிரிவான ரேடியோ-கனடா நிலையத்தை வாங்கியது. மேற்கிலேயே சஸ்காட்சுவான் மாகாணத்தில் 1952-ல் தொடங்கிய இரண்டு பிரெஞ்சு நிலையங்களும், எட்மன்டன் நகரின் பிரெஞ்சு நிலையமான சிஎச்எஃப்ஏ-வும் அதையொட்டி அதே வழியில் போயின.

நிலையத்தாருக்குச் சம்பளம் நிச்சயமானது, ஆனால் யார் எதைப் பேசுவது என்கிற முடிவு ஊரைவிட்டுப் போனது. அதனால்தானோ என்னவோ, 1991-ல் அதே சென் பொனிஃபாஸில் 91.1 பண்பலையில் சமூக வானொலி ஒன்றை ஊர்க்காரர்கள் மறுபடி தொடங்கினார்கள்.