ஈப்போ ஞாயிறுகளும் ஒரு பவுன் சங்கிலியும்

கேள்வி: நாங்கள் மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரர் செம்பனை ஆலையில் வேலை செய்கிறார். ஓவர்டைம் இல்லாமல், பிடித்தம் எல்லாம் போக 2,300 வெள்ளி (ரிங்கிட்) கைக்கு வரும். நான் சூப்பர் மார்க்கெட்டில் கேஷியர், எனக்கு 1,500. இரண்டு பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறார்கள், மாமியாரும் எங்களோடுதான். தீபாவளி, நவம்பரில் நாத்தனார் மகள் கல்யாணம், பள்ளி லீவு, இப்போது பள்ளித் திறப்பு என்று வரிசையாக வந்ததில் மூச்சு முட்டுகிறது. கிரெடிட் கார்டில் 3,200 நிற்கிறது. போனில் ‘அப்புறம் கட்டலாம்’ என்று வாங்கிய சாமான்களுக்கு மாதம் 236 வீதம் இன்னும் ஐந்து தவணை. அக்டோபர் 8ஆம் தேதி என் ஒரு பவுன் சங்கிலியை 2,000 வெள்ளிக்கு அடகு வைத்தேன். சீட்டில் மாதம் 2 சதவீத வட்டி என்று போட்டிருக்கிறது. அக்கம்பக்கத்தார் மாதா மாதம் போட்டு முறை வைத்து எடுக்கும் கூட்டுப் பணத்தைத் தீபாவளிக்கு முன்பே எடுத்துவிட்டதால் ஆகஸ்ட் வரை மாதம் 200 கட்டியாக வேண்டும். ஆலையில் அவர் வாங்கிய பண்டிகை முன்பணத்துக்கு 150 சம்பளத்திலேயே பிடிக்கிறார்கள், அது ஜனவரியோடு முடியும். மாதா மாதம் 250 வெள்ளிக்கு மேல் துண்டு விழுகிறது, அதற்கும் கார்டைத்தான் தேய்க்கிறேன். கோழி வாங்குவதைப் பாதியாகக் குறைத்து, பிள்ளைகளின் டியூஷனை நிறுத்தி, அவருடைய காலை ரொட்டி சனாய், டீயையும் நிறுத்தச் சொல்லலாம் என்றிருக்கிறேன். இதற்கிடையில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட வேண்டும் என்கிறார் மாமியார், 600 வெள்ளி ஆகுமாம். வீட்டுக்காரரின் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) மூன்றாவது கணக்கில் 1,240 இருக்கிறது. எடுக்கலாமா?

பதில்: சகோதரி, செலவுகளை ஒரு தாளில் வரி வரியாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். ஆனால் கத்தியை வைக்கப் போகும் இடம்தான் தப்பு.

உங்கள் தாளின்படி வீட்டுக் கடன், கார், கரண்டு, பள்ளி வேன், மளிகை எல்லாம் சேர்த்து மாதச் செலவு 3,460. இருவர் சம்பளமும் 3,800. மிச்சம் 340. கார்டுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 160, போன் தவணை 236, கூட்டு 200, ஆக 596 வெள்ளி அந்த 340இலிருந்து போக வேண்டும். துண்டு விழுவது 256. அதைக் கார்டில் தேய்ப்பதால், கார்டுக்கு முன் வாசலில் 160 கட்டிவிட்டுப் பின் வாசலில் 256 எடுத்துக்கொண்டு போகிறீர்கள். வட்டி வேறு இருக்கிறது. நம் நாட்டில் கார்டு வட்டி, தவறாமல் கட்டுகிறவர்களுக்கு ஆண்டுக்கு 15 சதவீதத்தில் தொடங்கி 18 வரை போகும். 18 என்று வைத்தால் 3,200க்கு மாதம் 48 வெள்ளி.

இனி அந்தத் தாளைப் பார்ப்போம். ‘வெளிச் சாப்பாடு 380’ என்று ஒரு வரி. அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில், காலைப் பசியாற 120, ஞாயிறு ஈப்போ 260 என்று பிரித்தும் போட்டிருக்கிறீர்கள். கீழே இன்னொரு வரியில் ஈப்போ போய்வர எண்ணெய், பார்க்கிங் 70. ஆக ஈப்போ ஞாயிறுகளுக்கு மட்டும் மாதம் 330. தீபாவளித் துணி எடுக்க லிட்டில் இந்தியா போனது, பிறகு கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனது, பிறகு லீவில் பிள்ளைகளைக் கூட்டிப் போனது. இப்போது வாங்க ஒன்றும் இல்லை, ஆனாலும் ஞாயிறு வந்தால் கார் தானாக ஈப்போவுக்குத் திரும்புகிறது. என்னிடம் வருகிற பல வீடுகளில் இதைத்தான் பார்க்கிறேன். பண்டிகைக்காகத் தொடங்கிய பழக்கம், பண்டிகை முடிந்த பிறகும் செலவு வைத்துக்கொண்டிருக்கும்.

முதல் வெட்டு அங்கே. ஒரே வெட்டில் 330 வெள்ளி. கோழியில் வேண்டாம், டியூஷனிலும் வேண்டாம். வளரும் பிள்ளைகள் தட்டில் மிச்சம் பிடிப்பது சேமிப்பு ஆகாது. டியூஷன் மாதம் 160தான், அதை நிறுத்தினால் திரும்பத் தொடங்குவது கஷ்டம். அவருடைய காலை டீயையும் விட்டுவிடுங்கள். ஆலையில் ஷிப்ட் பார்க்கிற மனிதருக்கு வேலைக்கு முன் கூட்டாளிகளோடு அரை மணி நேரம் உட்காரக் கிடைப்பது அந்த ரொட்டி சனாயில்தான். 120 வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் வீட்டில் தினமும் முகம் திருப்பிக்கொண்டால், மூன்றாவது வாரமே திட்டம் உடையும். கணக்குப் புத்தகத்தில் இதற்கு வரி கிடையாது, ஆனால் நான் பார்த்துச் சொல்கிறேன்.

மற்ற இரண்டு வெட்டு சின்னவை. இரண்டு போனும் மாதக் கட்டணத்தில் இருக்கின்றன. மாமியார் வைத்திருப்பதை பிரிபேய்டுக்கு மாற்றினால் 50 மிச்சம். மளிகையும் பாசாரும் (சந்தை) 950 ஆகிறது, அதில் 80 குறையும். எப்படி என்று கேஷியரான உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. கிலோ 2 வெள்ளி 50 காசு பாக்கெட் எண்ணெயும், 10 கிலோ 26 வெள்ளி உள்ளூர் அரிசியும் வந்தால் முதலில் பார்ப்பது நீங்கள்தான். மாற்ற வேண்டியது ஒன்று, முனைக் கடையில் வைத்திருக்கும் 555 கடன் நோட்டு. அதில் எழுதச் சொல்லிவிட்டு வாங்கும்போது யாரும் விலை கேட்பதில்லை. பிள்ளையை அனுப்பி ‘எழுதிக்கச் சொல்லு’ என்றால், பிஸ்கட்டும் சேர்ந்து எழுதப்படும். ரொக்கம் கொடுத்து வாங்குங்கள். அந்த நோட்டை வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள், வேறு வேலைக்கு வேண்டும்.

330, 50, 80. மொத்தம் 460. துண்டு விழுந்த 256 போக, மாதம் 204 கையில் நிற்கும்.

கடன்களுக்கு வருவோம். எல்லாரும் கார்டைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். உங்களைக் கடிப்பது சங்கிலி. மாதம் 2 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 24, கார்டைவிட அதிகம். அதோடு அதற்கு ஒரு தேதியும் இருக்கிறது. அடகுக்கடைச் சட்டப்படி மீட்க ஆறு மாதம், அக்டோபர் 8க்கு ஆறு மாதம் ஏப்ரல் 8. மீட்காமலும், வட்டி கட்டிப் புதுப்பிக்காமலும் விட்டால் ஏலத்துக்குப் போகும். இன்றைய தங்க விலையில் அந்தச் சங்கிலி நீங்கள் வாங்கிய 2,000ஐவிட எவ்வளவோ அதிகம் பெறும். ஏலத்துக்கு விடுவது பைத்தியக்காரத்தனம். ஆறு மாத வட்டி 240 சேர்த்து 2,240 வேண்டும். சீட்டை இன்றைக்கே எடுத்துத் தேதியைச் சரிபாருங்கள். பல வீடுகளில் அந்தச் சீட்டு சாமி மேடையில் விபூதித் தட்டுக்கு அடியில் இருக்கும், தேதி மட்டும் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இப்போது இபிஎஃப் கேள்வி. 2024 மே மாதத்திலிருந்து சந்தாவில் 10 சதவீதம் அந்த மூன்றாவது கணக்குக்கு, அதாவது அக்காவுன் பிளெக்சிபெலுக்குப் போகிறது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்கலாமா என்று யார் கேட்டாலும் கை வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். தீபாவளிக்கு டிவி மாற்ற எடுத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஆனால் உங்கள் விஷயத்தில் எடுங்கள் என்கிறேன். 2024க்கு இபிஎஃப் கொடுத்த லாப ஈவு 6.3 சதவீதம். 6.3 சம்பாதிக்கும் பணத்தை வைத்துக்கொண்டு 24 வட்டி கட்டுவதில் அர்த்தம் இல்லை. ஒரே தடவை, சங்கிலிக்கு மட்டும். அதுவும் இப்போது வேண்டாம், மார்ச் கடைசியில், மீதிப் பணம் சேர்ந்த பிறகு. முன்னாலேயே எடுத்தால் தைப்பூசப் பந்தலுக்குப் போய்விடும் என்று எனக்கு ஒரு சந்தேகம். மன்னிக்கவும்.

மீதி 1,000 எப்படி வரும்? ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று சம்பளத்தில் 204 வீதம் 612. முன்பணப் பிடித்தம் ஜனவரியோடு முடிவதால் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் 150 வீதம் 300. (அந்த முன்பணம்தான் நீங்கள் வாங்கிய கடன்களிலேயே நல்ல கடன். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பள முன்பணத்துக்கு வட்டி பிடிக்கக் கூடாது. அடுத்த முறை அடகுக்கடைக்கு முன் இதை முழுதாகக் கேட்டுப் பாருங்கள்.) 2026 பட்ஜெட்டில் 18 வயது நிறைந்த குடிமக்களுக்குப் பிப்ரவரியில் மைகார்டு அடையாள அட்டை வழியாக 100 வெள்ளி சாரா உதவி (அடிப்படைச் சாமான் வாங்க) அறிவித்திருக்கிறார்கள். நீங்கள், கணவர், மாமியார் என மூன்று பேருக்கு 300. அதில் சாமான் வாங்கிவிட்டு, மளிகைக்கு வைத்த ரொக்கத்தில் 300ஐ எடுத்து வைத்துவிட வேண்டும். மொத்தம் 1,212. சங்கிலிக்கு 1,000 போக 212 மிஞ்சுகிறது.

அந்த 212தான் தைப்பூசத்துக்கு. 600 இல்லை. மாமியாரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், அவருடைய மகன் சொல்லட்டும். வேண்டுதலை நிறுத்தச் சொல்லவில்லை. வேறொருவர் போடும் பந்தலில் நீங்கள் குடும்பத்தோடு போய் நின்று மோர் ஊற்றலாம், ஒரு மூட்டை சர்க்கரையோ எலுமிச்சையோ வாங்கிக் கொடுக்கலாம். பந்தலில் காசைவிட ஆளுக்குத்தான் எப்போதும் தட்டுப்பாடு. 2026 தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. ஈப்போவில் குனோங் சீரோ முருகன் கோயிலுக்குப் போங்கள், அந்த ஒரு ஈப்போ ஞாயிறு கணக்கில் இல்லை.

கூட்டைப் பற்றி. மிச்சமுள்ள 200களை ஒரு மாதம் கூடத் தவறாமல் கட்டிவிடுங்கள், அது அண்டை வீட்டார் பணம். ஆனால் அடுத்த கூட்டில் சேராதீர்கள். 1971ஆம் ஆண்டிலேயே கூட்டு நிதித் தடைச் சட்டம் வந்துவிட்டது, கூட்டு நடத்துவது குற்றம். நம் தமிழ்ச் சொல் ஒன்று நாட்டின் சட்டப் பெயரிலேயே ஏறியிருப்பது பெருமையா சிறுமையா தெரியவில்லை. கூட்டுக்காரர் ஓடிவிட்டால் போலீஸில் போய் என்னவென்று சொல்வீர்கள்? என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தீபாவளிக்கு மறுவாரம் காலி மைலோ டின்னை வாய் அடைத்து, மூடியில் கீறல் போட்டு வைப்பார். அந்தக் கீறலில் நோட்டு போகும், திரும்ப வராது. உங்கள் ஊரில் இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சுங்கை சிப்புட்டுக்காரரான, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்ட பணத்தில் தோட்டங்களையே வாங்கியது.

போன் தவணையில் செய்ய அதிகம் இல்லை. ஐந்து மாதம் கட்டி முடியுங்கள், மே மாதத்தோடு தீரும். முன்கூட்டிக் கட்டினால் வட்டி குறையுமா என்று செயலியில் பாருங்கள், குறையாவிட்டால் அவசரப்பட வேண்டாம். கடைசித் தவணை கட்டிய அன்றே கணக்கை மூடச் சொல்லுங்கள். திறந்திருந்தால் ‘உங்கள் வரம்பு உயர்ந்துவிட்டது’ என்று செய்தி வரும், அதைப் பார்த்து ஏதோ பதவி உயர்வு மாதிரி சந்தோஷப்படுவோம்.

கார்டைத் துணிக்குள் சுற்றி அலமாரியில் வைக்கச் சொல்லமாட்டேன், நீங்கள் எடுத்துவிடுவீர்கள். கணவரிடம் கொடுங்கள். ஏப்ரல் சம்பளத்திலிருந்து சங்கிலிக்குச் சேர்த்த பணத்தில் 300 கார்டுக்குத் திரும்பும், வழக்கமான 160உடன் கூடுதலாக. ஜூனில் போன் தவணையின் 236ம் சேரும். இப்படிப் போனால் ஆகஸ்ட் சம்பளத்தில் கார்டு பாக்கி தீர்கிறது. கூட்டும் அதே மாதம் முடிகிறது.

இதில் ஓட்டை இருக்கிறது, மறைக்கவில்லை. கார் பழுதானால், மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனால் கணக்கு மாறும். அதனால்தான் கணவரின் ஓவர்டைம் பணத்தை நான் எங்கேயும் சேர்க்கவில்லை. வருகிற ஓவர்டைம் முழுவதும் தனிக் கணக்கில் கிடக்கட்டும். அதற்கும் மேல் இடித்தால், மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் கடன் நோட்டீஸ் நம்பருக்குப் போன் போடாதீர்கள், அது வட்டி முதலையின் வாய். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏகேபிகே கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது, ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. கார்டு பாக்கியை நீங்கள் தாங்கும் மாதத் தொகையாக மாற்ற வங்கியோடு அவர்களே பேசுவார்கள். சம்பளச் சீட்டையும் கார்டு பில்லையும் எடுத்துக்கொண்டு, பிரச்சினை சின்னதாக இருக்கும்போதே போக வேண்டும்.

2026 தீபாவளி நவம்பர் 8. செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும் கார்டு, கூட்டு, தவணை எதுவும் இல்லாமல் மாதம் 950 வெள்ளி போல நிற்கும், இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 1,900. போன தீபாவளிக்கு மொத்தம் எவ்வளவு ஆனது என்று நீங்கள் எழுதவே இல்லை. துணி, பலகாரம், பிள்ளைகளுக்குக் கொடுத்த அங்பாவ் பண உறை, ஈப்போ போய் வந்த செலவு என்று ஞாபகம் இருப்பதை எல்லாம் அந்த 555 நோட்டின் கடைசிப் பக்கத்தில் இந்த வாரமே எழுதி வையுங்கள். ஆகஸ்டில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், 1,900க்குள் எதை எதை அடக்கலாம் என்று அப்போது பேசுவோம்.