கண்ணை மூடச் சொன்னதும் அழுதுவிட்டாள்

கேள்வி: நான் கல்லூரி ஆசிரியர். முதலாண்டு மாணவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் மனப்பயிற்சி வகுப்பு எடுக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னால் பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள். போன வாரம் ஒரு மாணவி அழுதுகொண்டே வெளியே போய்விட்டாள். இந்தப் பயிற்சிகளால் உண்மையில் பலன் உண்டா? நான் எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: அந்த மாணவியிடமிருந்தே தொடங்குகிறேன். இந்த வாரமே அவரைத் தனியாகச் சந்தித்து, "அன்று சிரமமாக இருந்ததா?" என்று மட்டும் கேளுங்கள். காரணத்தைத் துருவ வேண்டாம்; சொல்ல விரும்பினால் அவரே சொல்வார். கண்ணை மூடி அமைதியாக உட்காரும்போது எல்லோருக்கும் அமைதி வந்துவிடாது. பெரிய இழப்பையோ வன்முறையையோ கண்டவர்களுக்கும், பதற்றம் அதிகம் உள்ளவர்களுக்கும் அந்த வெறுமையில்தான் பழையதெல்லாம் மேலே வரும். நீங்கள் தவறு செய்யவில்லை. ஆனால் கண்ணைத் திறந்தே வைத்திருக்கலாம், வேண்டாம் என்றால் எழுந்து போகலாம் என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மூச்சைக் கவனிப்பதே சிலருக்கு மூச்சுமுட்ட வைக்கும். அவர்கள் பாதம் தரையில் படுவதையோ அறையில் கேட்கும் ஒலிகளையோ கவனிக்கட்டும்.

பலன் உண்டா என்றால், உண்டு. ஆனால் எல்லோருக்கும் இல்லை. தியானத்தை மருத்துவமனைக்குக் கொண்டுவந்த ஜான் கபாட்-ஜின் 1979-ல் அமெரிக்காவில் நாள்பட்ட வலி, மன அழுத்தம் உள்ள நோயாளிகளுக்காகத் தொடங்கிய 8 வாரப் பயிற்சிதான் இன்றைய கல்லூரி வகுப்புகள் பலவற்றுக்கு முன்மாதிரி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 616 மாணவர்களிடம் நடந்த ஆய்வில் (2018), 8 வாரப் பயிற்சி பெற்றவர்களுக்குத் தேர்வுக் காலத்தில் மனவேதனை குறைவாக இருந்தது. ஆனால் பிரிட்டனில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் வகுப்பு முழுவதற்கும் இதைப் பாடமாக நடத்திப் பார்த்தபோது (முடிவுகள் 2022-ல் வந்தன) வழக்கமான பாடத்தைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. அவர்கள் வயதில் சிறியவர்கள், அதனால் அப்படியே ஒப்பிட முடியாது என்பது சரிதான். ஆனாலும் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் விரும்பி வந்தவர்கள் என்பதை என்னால் ஒதுக்க முடியவில்லை. வருகைப்பதிவுக்கும் மதிப்பெண்ணுக்கும் இந்த வகுப்பைக் கட்டிப்போட்டிருந்தால் முதலில் அதை அவிழ்க்கச் சொல்லுங்கள்.

தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டாம். அவர்களுக்கு அந்த நேரத்தில் தேவைப்படுவது தூக்கம்தான். இந்த வயதில் 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவு 2 மணி வரை விழித்திருப்பவருக்கு மனப்பயிற்சி கற்றுத்தருவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது போலத்தான். ஒரு வகுப்பைத் தூக்கத்தைப் பற்றிப் பேசவே ஒதுக்குங்கள்.

மற்றபடி, ஒரு மணி நேரமும் தியானம் செய்யவைப்பது அதிகம். பத்து நிமிடம் போதும்; மீதியில் கையில் எடுத்துப்போகக்கூடிய சில உத்திகளைப் பழக்குங்கள். 4 நொடி மூச்சை இழுத்து 6 நொடி விடுவது எளிது. நிமிடத்துக்கு 6 மூச்சு ஆகும். மூச்சை விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும். நீளமாக விடுவது அதைப் பயன்படுத்திக்கொள்வதுதான். (நான் படித்த காலத்தில் யாராவது "ரிலாக்ஸ் பண்ணு" என்றாலே எனக்குப் பதற்றம் கூடும். எப்படி என்று யாரும் சொன்னதில்லை.)

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் உருவாக்கிய சிந்தனை சார்ந்த சிகிச்சையிலிருந்து வரும் ஒரு பழக்கம். ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் நடந்ததையும் மறுபக்கம் அதற்கு மனம் சொன்ன அர்த்தத்தையும் எழுதவேண்டும். "இன்டர்னலில் 50-க்கு 18" என்பது நடந்தது. "நான் எதற்கும் லாயக்கில்லை" என்பது மனம் சேர்த்தது. இரண்டும் ஒன்றல்ல என்று கண்ணால் பார்க்கும்போது பிடி தளர்கிறது. ஆனால் "அப்படி நினைக்காதே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று சொல்லி 1987-ல் உளவியலாளர் டேனியல் வெக்னர் மாணவர்களிடம் சோதித்தார். கரடிதான் திரும்பத் திரும்ப வந்தது. எழுதியதை வகுப்பில் வாசிக்கச் சொல்லவும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். ஒரே நாளில் மூன்று அசைன்மென்ட் கேட்டுவிட்டு மாணவர்களுக்கு மனத்திண்மை கற்றுத்தருவதில் அர்த்தமில்லை. தேதியைத் தள்ளிவைப்பதும் மனநலப் பணிதான்.

பெரும்பாலான மனநோய்கள் 25 வயதுக்குள் தலைகாட்டிவிடும் என்பதால், உங்கள் வகுப்பிலும் சிகிச்சை தேவைப்படுபவர் நிச்சயம் இருப்பார். இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு, தூக்கமோ பசியோ மாறுவது, பிடித்ததிலும் நாட்டமின்மை, வகுப்புக்கு வராமல் போவது என்றிருந்தால் பயிற்சியை நிறுத்தி மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். "இருந்து என்ன பயன்" என்ற தொனியில் பேசினால், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் நீங்களே கூட்டிச் செல்லுங்கள்.