யாருடைய உண்மை?

மதிப்புக்குரிய அம்மா,

எனக்கு வயது 63. கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். கை நீட்டியதில்லை, பொய் சொன்னதில்லை. அதற்கு ஊர் வைத்த பெயர் 'மனு மாமா'.

எங்கள் தெருவில் போட்ட சிமென்ட் ரோடு ஒரு மழைக்குத் தாங்கவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி, செய்த வேலையின் அளவுகளைப் பதிந்து வைக்கும் எம்.புக்கின் நகல் கேட்டேன். 30 நாளில் தர வேண்டியது, இழுத்தடித்தார்கள். மேல்முறையீடு போய் வாங்கினேன். கனம் 6 அங்குலம் என்று எழுதியிருக்கிறது. பெயர்ந்த ஓரத்தில் டேப் வைத்து அளந்தால் 4 கூட இல்லை. இதைச் சொன்னால் தெருவே என்னை முறைக்கிறது. கான்ட்ராக்டர் நம்மாளாம்!

வீட்டிலும் இதே கதைதான். அண்ணன் மகளுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்ததை மறைத்தே நிச்சயம் வரை போய்விட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா என்னிடம் வந்து, 'நீங்க பொய் சொல்ல மாட்டீங்க, பொண்ணைப் பத்திச் சொல்லுங்க' என்றார். சொன்னேன். சம்பந்தம் நின்றது. அண்ணன் இப்போது என் வீட்டு வாசல் மிதிப்பதில்லை. ரோடு விஷயத்தில் என் முதுகைத் தட்டியவரும் அவர்தான். தனக்கு வந்தால் மட்டும் உண்மை கசக்கிறது.

என் மனைவியும் அவர்கள் பக்கம். அவளுக்கு மார்பில் ஏதோ கட்டியாம், மாசக்கணக்காகத் தன் தங்கையிடம் மட்டும் சொல்லி வைத்திருக்கிறாள். மருந்துச்சீட்டு கண்ணில் பட்டுத்தான் எனக்கே தெரியும். அது கிடக்கட்டும். என் கேள்வி இதுதான்: ஊருக்கும் உறவுக்கும் உண்மை வேண்டாம் என்றால், நான் இந்த வயதில் பொய் சொல்லப் பழக வேண்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள ஐயா,

'அது கிடக்கட்டும்' என்றீர்களே, அது கிடக்க வேண்டாம். ரோடும் அண்ணனும் காத்திருக்கலாம்.

அந்தச் சீட்டில் என்ன எழுதியிருந்தது? மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுத்தாயிற்றா? ரோட்டுக் கனத்தை அங்குலக் கணக்கில் எழுதிய கை, இதை ஒரே வரியில் தாண்டிவிட்டது. உங்களுக்கு அக்கறை இல்லை என்று நான் நினைக்கவில்லை. பயந்துபோயிருக்கிறீர்கள். மார்பில் தென்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் இது எந்த வகை என்று பரிசோதிக்காமல் யாராலும் சொல்ல முடியாது. இந்த வாரமே முடியுங்கள்.

சரி, உங்கள் மனைவி ஏன் உங்களிடம் சொல்லவில்லை? அண்ணன் மகள் விஷயத்தைப் பாருங்கள். அந்த வலிப்பு யாருடையது? அவளுடையது. மாப்பிள்ளைக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சொல்ல வேண்டியவள் அவள். 'அவளிடமே கேளுங்கள்' என்று நீங்கள் அனுப்பியிருந்தால் அதில் என்ன பொய்? முன்னதாகவே அவளிடம் போய், 'நீயே சொல்லிடும்மா, நான் கூட இருக்கேன்' என்றும் சொல்லியிருக்கலாம். இந்து திருமணச் சட்டத்தில் தடையாக இருந்த வலிப்பு 1999 திருத்தத்தோடு போய்விட்டது. சட்டமே விட்டதை நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள்.

எம்.புக் வேறு. அது ஊர்ப் பணம். ஏன் கேட்கிறாய் என்று உங்களை யாரும் கேட்கக் கூடாது என 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவே சொல்கிறது. அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு தனிப்பட்ட தகவலுக்கு விலக்கு தருவதும் உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆபீசில் மனுப் போட்டு வாங்கலாம். வீட்டில் அவர்களாக வந்து சொன்னால்தான் உண்டு. சொன்னது உங்களோடு நிற்குமா என்று பார்த்துத்தான் சொல்வார்கள். உங்கள் மனைவி பொய் சொல்லவில்லை ஐயா. அண்ணன் மகளுக்கு நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர்.

ரோடு மனுவை விட்டுவிடாதீர்கள், அதில் நான் உங்கள் கட்சி. தெரு முறைத்தால் முறைக்கட்டும். அண்ணனைச் சமாதானப்படுத்துவதற்கு முன் அவர் மகளிடம் மன்னிப்புக் கேளுங்கள், 'உண்மையைத்தானே சொன்னேன்' என்ற வால் இல்லாமல்.

மனைவியிடம் 'ஏன் மறைத்தாய்' என்று விசாரணையை ஆரம்பிக்காதீர்கள். 'எனக்குப் பயமாயிருக்கு' என்று சொல்லுங்கள். ஊர் உண்மையெல்லாம் பேசியவர், இதை மட்டும் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூடவே போங்கள். ரிப்போர்ட் வந்தால் யாருக்குச் சொல்வது, யாருக்கு வேண்டாம் என்பதை அவர் முடிவு செய்யட்டும். தங்கையும் கூட வரட்டும் என்றால், மறுபேச்சில்லாமல் அழைத்துப் போங்கள்.