வாசகர் கேள்வி: அம்மப்பாவின் செயின் சோவும் ஒரு போத்தல் வினாகிரியும்

கேள்வி: அம்மப்பா மரக்காலை வைத்திருந்த காலத்தில் வாங்கிய ஸ்டில் 070 செயின் சோ ஒன்று எங்கள் கொட்டிலில் கிடக்கிறது. 2020 டிசம்பரில் புரெவிப் புயலுக்கு விழுந்த வேம்பை அறுத்ததுதான் கடைசி. இப்போது பிளக்கைக் கழற்றி இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு இழுத்தால் நாலைந்து வினாடி ஓடி நின்றுவிடுகிறது. கராஜில் காபரேற்றரை மாற்றச் சொல்கிறார்கள். நான் எல்லாவற்றையும் கழற்றி, வினாகிரியில் ஊறப்போட்டுத் துருவை எடுத்து, பெயின்ற் அடித்துவிட்டுப் பிறகு எஞ்சினைப் பார்க்கலாமென்று இருக்கிறேன். சரிதானே?
(ஒரு வாசகர், சாம்பல்தீவு)

பதில்: தம்பி, அந்த வினாகிரிப் போத்தலை முதலில் குசினிக்கே திருப்பி அனுப்புங்கள். இந்தப் பழைய மெஷின்களின் உடம்பு இரும்பில்லை, அலுமினியமும் இல்லை, பெரும்பாலும் மக்னீசியம். வினாகிரி இரும்புத் துருவுக்கு நல்ல மருந்துதான், ஆனால் மக்னீசியத்தையே தின்றுவிடும். எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். சரி, கேட்டுவிட்டீர்கள் என்றே வைப்போம்: பல வருடத்துக்கு முன்னர் ஒரு கிளச் மூடியை ராத்திரி வினாகிரியில் போட்டுவிட்டுப் படுத்தேன், விடிய எழும்பிப் பார்த்தால் சோடாப் போத்தல் திறந்த மாதிரி நுரை, மூடி முழுக்க அம்மைத் தழும்பு. பார் (செயின் ஓடுகிற நீளத் தகடு), செயின், ஸ்புரொக்கெட் (செயினை இழுக்கிற பற்சக்கரம்) போன்ற இரும்புச் சாமான்களை வேண்டுமானால் ஊறப்போடுங்கள். உடம்புக்கு மண்ணெண்ணெய், பழைய பல் துலக்கும் பிரஷ், பொறுமை இந்த மூன்றும் போதும். கிரைண்டரும் வைக்காதீர்கள், மக்னீசியத் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற ஊற்றக் கூடும்.

நம்முடைய ஊர்க் கடற்காற்றுக்கு இன்னொரு குணம் உண்டு. இரும்பு ஸ்க்ரூவும் மக்னீசியமும் சேரும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் வெள்ளை மா மாதிரிப் பூத்து, ஸ்க்ரூ உள்ளேயே இறுகிவிடும். பலத்தைக் காட்டித் திருப்பினால் தலை உருண்டுபோகும். முதல் நாள் ஊடுருவும் ஒயில் விட்டு வையுங்கள், மறுநாள் தலைமுடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டி, சுத்தியலால் தட்டினால் திரும்புகிற அந்த இம்பாக்ட் டிரைவரால் எடுங்கள். வாங்கக் காசில்லையென்றால் மோட்டார் சைக்கிள் கராஜில் இரவல் கேட்கலாம்.

இனி நோய்க்கு வருவோம். பிளக் ஓட்டையில் பெற்றோல் விட்டால் ஓடுகிறது என்றால் ஸ்பார்க் இருக்கிறது, ஓரளவு கொம்பிரஷனும் இருக்கிறது, பெற்றோல் மட்டும் உள்ளே போய்ச் சேரவில்லை. ஆனாலும் வேறு எதையும் தொடுவதற்கு முன் சைலன்சரைக் கழற்றி அந்த ஓட்டைக்குள் டோர்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். வழவழப்பாக, மேலோட்டமான கோடுகளோடு இருந்தால் மேற்கொண்டு செலவழிக்கலாம். மேலிருந்து கீழாக ஆழமான கீறல் ஓடி, நகத்தை வைத்தால் தடக்குகிறது என்றால் அங்கேயே நின்று, சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் காசு கட்டுமா என்று முதலில் கணக்குப் பாருங்கள்.

பிஸ்டன் நல்லதென்றால் தாங்கிக்குள் இருக்கும் ரப்பர் குழாயை வெளியே இழுத்துப் பாருங்கள், இத்தனை வருடத்தில் அது வெடித்திருக்கும். அதற்குப் பதிலாகச் சேலைன் குழாய் போடுகிற பழக்கம் நம்மவரிடம் உண்டு. வேண்டாம். பெற்றோலில் அது சில மாதத்தில் மரக்குச்சி மாதிரி விறைத்துவிடும். பெற்றோலுக்கென்று விற்கிற குழாயையே கேட்டு வாங்குங்கள், நுனியில் இருக்கும் ஃபில்டரையும் மாற்றுங்கள். அடுத்தது காபரேற்றர். அதை முழுதாக எறியத் தேவையில்லை. உள்ளே இருக்கும் டயஃபிரம் என்கிற மெல்லிய தோல்தான் விறைத்துப்போய்ப் பெற்றோலை இழுக்காமல் நிற்கும். டயஃபிரமும் காஸ்கெட்டும் ஊசியும் கொண்ட கிட் தனியாகக் கிடைக்கும். 070க்குப் போலிச் சாமான்கள் நிறைய வருவதால், பழைய அசல் காபரேற்றரைக் கழுவி கிட் போடுவது, பளபளப்பான புதியதை வாங்கிப் போடுவதைவிட நல்லது என்பது என் அபிப்பிராயம். பூட்டும்போது இரண்டு ஊசித் திருகுகளையும் மெதுவாக முட்டும்வரை மூடி, பிறகு ஒரு சுற்றுத் திறந்து தொடங்குங்கள்.

இப்போது ஓடும். ஓடியதும் சந்தோஷத்தில் மரத்துக்குப் போய்விடாதீர்கள், பெரும்பாலான பழைய மெஷின்கள் சாவது இந்த இடத்தில்தான். திறாட்டிலை விட்ட பிறகும் உடனே இறங்காமல் கத்திக்கொண்டே நிற்கிறதா? ஐடிலில் வைத்துப் பக்கத்துக்குப் பக்கம் சரித்துப் பாருங்கள், சத்தம் மாறுகிறதா? மாறினால் கிராங் சீல், அதாவது எஞ்சின் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம், காற்று இழுக்கிறது. காற்றுக் கூடினால் பெற்றோலும் அதோடு வருகிற ஒயிலும் குறைந்து, பத்து நிமிட வேலைக்குள் பிஸ்டன் ஒட்டிவிடும். ஆட்கள் காபரேற்றரைத் திருகித் திருகி அலுத்துப்போய் மெஷினைக் குறை சொல்வார்கள், குற்றவாளி உள்ளே இருக்கும் அந்தச் சின்ன ரப்பர் வளையம்.

சீலை மாற்றக் கிளச்சைக் கழற்ற வேண்டும். பிஸ்டனை நிறுத்தி வைக்கப் பிளக் ஓட்டையால் பருத்திக் கயிறு கொஞ்சம் உள்ளே விடுங்கள், நுனி வெளியே இருக்கட்டும். பெரும்பாலான செயின் சோக்களில் கிளச் இடப் புரி, அதாவது வலப்பக்கம் திருப்பினால்தான் கழறும். இது தெரியாமல் நீளக் குழாய் மாட்டி இறுக்கி உடைத்தவர்கள் ஊரில் குறைவில்லை. பிளைவீலுக்குக் கீழே பொயின்ற் (ஸ்பார்க்கைத் தூண்டுகிற சின்னத் தொடுமுனை) இருக்கிற பழைய மொடல் என்றால், அந்தப் பக்கச் சீலுக்காகப் பிளைவீலைக் கழற்றியிருக்கும்போதே பொயின்றை எமரித் தாளால் துடைத்து இடைவெளியை 0.4 மி.மீ. அளவுக்கு வையுங்கள். பிளக்குக்கு 0.5.

பெயின்ற்? எல்லாம் முடிந்து ஒரு மாதம் ஓடிய பிறகு பார்க்கலாம். நானாக இருந்தால் அம்மப்பாவின் கை பட்டுத் தேய்ந்த பிடியை அப்படியே விட்டுவிடுவேன்.

கேள்வி: போட் எஞ்சினுக்கு வைத்திருக்கும் 2ரி (டூ ஸ்ட்ரோக்) ஒயில் வீட்டில் நிறைய இருக்கிறது. அதையே செயின் சோவுக்கும் கலக்கலாமா? எவ்வளவு?
(மீன்பிடித் தொழிலாளி ஒருவர், மூதூர்)

பதில்: வேண்டாம் அண்ணே. போட் எஞ்சின் கடல் தண்ணீரில் குளிர்கிறது, அதன் ஒயில் அந்தச் சூட்டுக்கு ஏற்ப ஆனது. செயின் சோ காற்றில் மட்டும் குளிர்வது, சூடு மிக அதிகம். காற்றுக் குளிர்ச்சி எஞ்சினுக்கான 2ரி ஒயில் என்று கேட்டு வாங்குங்கள். பழைய மெஷினுக்கு லீற்றருக்கு 25 மில்லி, அதாவது 40க்கு 1. பழைய கையேடுகளில் 25க்கு 1 என்று இருக்கும், அது அந்தக் கால ஒயிலுக்குச் சொன்ன கணக்கு. கலந்ததை மாதக் கணக்கில் தாங்கியில் விட்டு வைக்காதீர்கள், சாம்பல்தீவுத் தம்பியின் மெஷினுக்கு நடந்தது உங்களுடையதற்கும் நடக்கும்.

கேள்வி: ஐயா, என் வீட்டுக்காரர் பழைய செயின் சோ ஒன்றைத் திருத்தி ஓடவும் வைத்துவிட்டார். முன்னால் பிரேக் ஒன்றும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. வளவில் நிற்கும் பலாவை வெட்டப்போவதாகவும் சொல்கிறார்.
(ஒரு வாசகி, உப்புவெளி)

பதில்: உங்கள் பயம் நியாயமானது தங்கச்சி. செயின் பிரேக் பரவியதே 1970களில்தான், அதற்கு முந்தியவற்றில் கிடையாது. பாரின் நுனியில் மேல்பாதி மரத்தில் பட்டால் மெஷின் கண்மூடித் திறப்பதற்குள் முகத்தை நோக்கித் திரும்பும். நிலத்தில் கிடக்கிற மரத்தை, இரண்டு கையாலும் பிடித்து, நுனி படாமல் அறுக்கலாம். ஏணியில் ஏறி ஒரு கொப்பைக்கூட வெட்ட விடாதீர்கள்.

பலாவைப் பற்றி: 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றும் சொந்த வளவில் நின்றாலும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. பிரதேச செயலகத்தில் கேட்க வேண்டும். 2019இல் செயின் சோக்களைப் பொலிஸில் பதியச் சொன்னார்களே, அந்தக் கடதாசி மெஷினோடு வந்ததா என்றும் அவரிடம் கேளுங்கள்.